ஏழாவது தம்பதியின் ஓட்டு

அன்பும் பல் மருத்துவத் திறமையும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதில் உங்கள் அக்காவின் நலம் என் நலத்தைவிட நாலு படி கூடுதல் என்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டம்மாவும், குழந்தைகளும், உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் போனில் பேசினால் தீர்கிற விஷயத்துக்கு இவர் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு ஆசிரியையாக நின்றவளின் காது அது. மைதானத்தின் அந்தக் கோடியில் கிசுகிசுக்கிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய காது. அதனால் துணி மடிக்கிற மேசையில் உட்கார்ந்து, பழைய கம்பெனிக்கு ஏதோ விண்ணப்பம் எழுதுவதாகப் பாவனை செய்துகொண்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேசைதான் காரணம்.

விஷயம் இதுதான். உங்கள் அக்கா ஓய்வு பெற்றதற்காகப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை ஒரு கப்பல் பயணம் அனுப்புவதாக ஏற்பாடு செய்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் எத்தனையோ கப்பல் பயண ஏஜென்சி இருக்க, ‘சுறுசுறுப்பான, இயற்கையை நேசிக்கும் தம்பதிகளுக்கு மட்டும்’ என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அம்மாவை மனத்தில் வைத்துத் தேடியிருக்கிறார்கள், அப்பாவை மறந்துவிட்டார்கள். எங்கே போவது என்பதைச் சேருகிற தம்பதிகளே கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டுமாம். அது அந்த ஏஜென்சியின் வழக்கம். அதற்கு முன்னால் ஒரு படிவம். என் கேடுகாலம் அந்தப் படிவம் வந்த நேரத்தில் உங்கள் அக்கா காலை நடைக்குப் போயிருந்தாள், மகள் போனில் அவசரப்படுத்தினாள், பேனா என் கையில் இருந்தது.

நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் படிவம் நிரப்புவதற்கு ஒரு முறை உண்டு. எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்ட் என்றால், பத்துப் பேர் எடையை ஏற்றிச் சோதித்து, அந்தச் சோதனை எடையைத்தான் எழுதுவோம். தினமும் அதில் ஒரே ஒரு கிழவர் நாயோடு ஏறி இறங்குகிறார் என்பதை யாரும் எழுத மாட்டார்கள். இன்னும் சோதிக்காத லிஃப்டாக இருந்தால், அதே வகையில் பக்கத்தில் இருக்கிற லிஃப்டின் அளவைப் பார்த்து, அதோடு கால் பங்கு சேர்த்து, உத்தேசமாகப் பென்சிலால் குறிப்போம். படிவத்தில் ‘மனைவி’ என்ற கட்டத்தை நிரப்புவது சுலபமாக இருந்தது, உங்கள் அக்கா எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைக்கிறவள்: ஒரே நாளில் நடக்கக்கூடியது பதினாறு கிலோமீட்டர், முதுகில் சுமக்கக்கூடியது பன்னிரண்டு கிலோ, ஏறக்கூடிய உயரம் எண்ணூறு மீட்டர். ‘கணவர்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது என்னை இதுவரை யாரும் சோதித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. கை பழக்கத்தில் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தது, கால் பங்கு சேர்த்தது. இருபது கிலோமீட்டர், பதினைந்து கிலோ, ஆயிரம் மீட்டர். பென்சிலுக்குப் பதில் பேனா என்பது ஒன்றுதான் நான் செய்த பிழை.

முதல் கூட்டத்தில் ஏழு தம்பதிகள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஏஜென்சிக்காரரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள். தலையில் தொப்பிகூட வைத்திருக்கிறார். ஆனால் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும் என்று அவரே சொன்னார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்து என்னுடையதில் நின்றார். “இந்த வயசுல இருபது கிலோமீட்டர். சார், கொஞ்சம் எழுந்து நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும்” என்றார். எழுந்து நின்றேன். வேறு என்ன செய்வது? உங்கள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் அந்தப் பார்வையை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்றும் நல்லதற்கு இல்லை. ஆனால் அவள்தான் முதல் ஆளாகக் கை தட்டினாள். அவள் தட்டியதும் மற்றப் பன்னிரண்டு பேரும் தட்டினார்கள், நான் ‘முன்னால் நடப்பவர்’ என்ற பதவிக்கு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வெளியே வந்ததும், “ஏங்க, என்னைவிட நாலு கிலோமீட்டர் கூடவா? கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அங்கேயே மானத்தை வாங்கியிருப்பாள். உங்கள் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் பெரிய மனுஷி.

பதவி வந்தால் பொறுப்பும் வருமே. போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஒத்திகை நடை வைத்தார் கேப்டன். நான் முன்னால், எனக்குப் பின்னால் பதின்மூன்று பேர், அவர்கள் முதுகில் பை, கையில் ஊன்றுகோல், முகத்தில் உற்சாகம். இருபது அடி ஏறியதும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நின்றால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும், நிற்காவிட்டால் மூச்சே நின்றுவிடும். சட்டென்று கையைத் தூக்கி, ஒரு மரத்தைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தேன். பேச முடியவில்லை, அதுதான் நிஜம். எல்லோரும் பயபக்தியோடு நின்று மரத்தைப் பார்த்தார்கள். அடுத்த இருபது அடியில் ஒரு பாறை, அதற்கடுத்து ஒரு எறும்புப் புற்று, பிறகு வெறும் வானம். குழுவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருக்கிறார், பறவை பார்ப்பதில் பைத்தியம். ஐந்தாவது தடவை நான் நின்று எதையோ காட்டியபோது அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு பறவை உட்கார்ந்திருந்திருக்கிறது. அவர் பதினொரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பறவையாம். மனுஷர் கண்ணில் தண்ணீர். “சார் மாதிரி நின்னு நிதானமா இயற்கையை ரசிக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. நாமெல்லாம் சும்மா ஓடுறோம்” என்றார். உங்கள் அக்கா குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

முக்கால்வாசி ஏறியதும் என்னால் ஆகவில்லை. “கடைசியில் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கடைசியில் வரப்போவது நான்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் அக்கா என் கையில் தண்ணீர் புட்டியைக் கொடுத்துவிட்டு மேலே போனாள். மைத்துனரே, அவளை நான் நடக்கிறபோது பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் காலையில் அவள் போகும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், வரும்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அறுபது வயதில் என்ன நடை அது. அவசரமில்லை, தடுமாற்றமில்லை, அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசிப்பதே தெரியவில்லை. தேனீ வளர்க்கிற தம்பதி ஒன்று வழுக்குப் பாறையில் தயங்கி நின்றது. இவள் இறங்கி வந்து, அந்த அம்மாளின் கையைப் பிடிக்காமல், கால் வைக்க வேண்டிய இடத்தைக் கம்பால் தட்டித் தட்டிக் காட்டி, அவளாகவே ஏற வைத்தாள். எத்தனை ஆயிரம் பிள்ளைகளை இப்படி ஏற்றிவிட்டிருப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. மலையைப் பார்த்து வந்த பயம் இல்லை. அவள் மேலே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனாள், வளைவில் திரும்பினாள், காணோம். வெயிலில் கல்லில் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் நம் காலம் இப்படித்தானோ என்று நினைத்துவிட்டேன். வேலையில் இருந்தவரை இருவருக்கும் போக ஓர் இடம் இருந்தது. இப்போது அவளுக்கு மட்டும் போக இடம் இருக்கிறது.

சரி, ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். போட்டியில் இரண்டே இடம். முதலாவது பனிக்கரை. வடக்கே மலைகளுக்கு நடுவில் கடல் சந்து சந்தாக உள்ளே போகிறதாம், கப்பல் அதற்குள் நுழைகிறது. காலையில் சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள், ஆணி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு பனியாற்றின்மேல் ஏற வேண்டும். கேப்டன் திரையில் படம் காட்டினார். நான் பனி என்றால் வெள்ளை என்று நினைத்திருந்தேன். அது நீலமாக இருக்கிறது, உள்ளே யாரோ விளக்குப் போட்டு வைத்த மாதிரி. ஒரு வீட்டளவு கட்டி உடைந்து கடலில் விழுகிறது, விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்கிறது. கண்ணாடிக் கடைக்காரர்கூட வாயைப் பிளந்தார். துடுப்புப் படகில் போகும்போது கைக்கெட்டும் தூரத்தில் திமிங்கிலம் முதுகைக் காட்டுமாம். நான் ஏன் இதைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன்? நிறுத்துகிறேன்.

இரண்டாவது பவளத் தீவுகள். இதுதான் நம் கட்சி. தீவின் மிக உயரமான இடம் நாலு மீட்டர், அதையும் யாரும் ஏறச் சொல்ல மாட்டார்கள். அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்தபடியே ஆமையையும் மீனையும் பார்க்கலாம். ஆசைப்படுகிறவர்கள் நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். கட்டாயமில்லை என்பதுதான் அந்தத் தீவின் அழகு. கப்பலில் எட்டு லிஃப்ட் இருக்கிறது, எட்டும் புது மாதிரி, நான் இதுவரை திறந்து பார்க்காத ரகம். இயற்கையை நேசிப்பதற்கு இதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை.

ஓட்டு எண்ணினார்கள். மூன்று தம்பதி பனிக்கு, மூன்று தம்பதி பவளத்துக்கு. மீதி நாங்கள். ‘முன்னால் நடப்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கப்பல்’ என்றார் கேப்டன். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன். அவள், “அவரே யோசிச்சுச் சொல்லுவார்” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். கெடு சனிக்கிழமை காலை பத்து மணி. அதிலிருந்து வீட்டில் அவள் வாயைத் திறந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டால்தானே? நானாகக் கேட்டால், “உங்க இஷ்டம்ங்க, எங்கே போனாலும் கடல்தானே” என்கிறாள். ஆனால் எனக்கும் கண் இருக்கிறது. கேப்டன் கொடுத்த புத்தகம் சமையலறை மேடையில் கிடக்கிறது. எப்போது எடுத்தாலும் தானாகவே அந்த நீலப் பனிப் பக்கத்தில் திறந்துகொள்கிறது; அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் தண்ணீர் பட்டு நெளிந்திருக்கிறது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அவள் நின்றுகொண்டு படிப்பதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். காலடிச் சத்தம் கேட்டதும் ஆமை இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைக்கிறாள்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை துடுப்புப் படகு ஒத்திகை, நீச்சல் குளத்தில். இருவருக்கு ஒரு படகு. முன்னால் நான், பின்னால் அவள். நான் வலது பக்கம் எட்டித் துடுப்பைப் போட்டேன், படகும் என்னோடு வலது பக்கம் வந்தது. கவிழ்ந்த பிறகு குளத்தின் அடியிலிருந்து நான் பார்த்த இயற்கைக் காட்சியை விவரிக்க விரும்பவில்லை. உங்கள் அக்கா சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கினாள். “பயப்படாதீங்க, காலை ஊன்றுங்க, இடுப்பளவு தண்ணிதான்” என்றாள். ஊன்றினேன். இடுப்பளவுதான். அங்கேயிருந்த ஆறு தம்பதிகளுக்கும், முன்னால் நடப்பவர் வேண்டுமென்றே கவிழ்த்துக் காட்டினார் என்று விளக்கம் கொடுத்தாள். அவர்களும் அதைக் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரே தும்மல். அவள் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள், பாவம்.

இப்போது என் இக்கட்டு உங்களுக்குப் புரிந்திருக்கும். பனி என்று சொன்னால் பத்து நாளும் ஏதாவது ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பவளம் என்று சொன்னால் பத்து நாளும் கண்ணாடிப் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமை அழகாக இருக்கிறது என்று சொல்லுவாள், அதை நான் நம்ப வேண்டும். ஆகவே ஒரே வழி, அவளாகவே பவளம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் நீங்கள். அவள் உலகத்தில் யார் சொல்லையும் மறுபேச்சில்லாமல் கேட்டதில்லை, உங்கள் நாற்காலியில் படுத்திருந்த நேரம் தவிர. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, தற்செயலாகக் கேட்பதுபோல் கேளுங்கள். குளிர் காற்று பல் வேருக்குள் இறங்கும், போன வருஷம் அடைத்த கடைவாய்ப் பல் பனிக்குத் தாங்காது, கடல் உப்பும் இளவெயிலும் ஈறுக்கு நல்லது என்று நாலு வார்த்தை சொல்லுங்கள். இது மருத்துவத்தில் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும் என்றால் தப்பில்லை. ரொம்பவும் பயமுறுத்தி விடாதீர்கள், அவளுக்கு அந்தப் பல்லின்மேல் ஏற்கெனவே கவலை இருக்கிறது.

உங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல பல்லோடும் நல்ல பெயரோடும் வளர வேண்டும். உங்கள் கை நடுங்காமலும், உங்கள் வாசலில் கூட்டம் குறையாமலும், உங்கள் வீட்டில் சிரிப்பு நிற்காமலும் இருக்க வேண்டும் என்று மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்குப் போனேன். ஏஜென்சி அதே வரிசையில் இருக்கிறது. கேப்டன் கண்ணாடிக் கதவைத் திறந்து, “என்ன சார், அம்மா காலையிலேயே வந்து உங்க ஓட்டைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்களே” என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். பவளத் தீவு. கீழே ‘காரணம்’ என்ற இடத்தில் அந்தக் கரும்பலகைக் கையெழுத்தில், ‘இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தாள். கேப்டன் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் ஏறவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு கேட்டு, பனிக்கரை என்று எழுதிக் கொடுத்தேன். அத்தோடு என் படிவத்தையும் வாங்கி, இருபதை அடித்து மூன்று என்று போட்டேன், கால் பங்கு சேர்க்கவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, ஒவ்வொரு குழுவிலும் எல்லோருக்கும் பின்னால் வந்து தலை எண்ணுகிறவர் ஒருவர் வேண்டும், மெதுவாக நடப்பவராக இருந்தால் நல்லது, யாரும் விட்டுப்போக மாட்டார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். அப்படியானால் முன்னால் நடக்க யார் என்றார். உங்கள் அக்கா பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் பருத்தி உடைகளைக் கட்டிலில் பரப்பிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், பாட்டு வேறு பாடுகிறாள். நான் போய்ச் சொன்னால், எனக்கு மூச்சு வாங்குவதை நினைத்துச் சண்டை போட்டு, திரும்ப ஓடிப்போய் மாற்றிவிடுவாள். எனக்கும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இவ்வளவு பக்கத்தையும் மறுபடி எழுதவும் பொறுமை இல்லை, அதனால் உறையைப் பிரித்து இதைச் சேர்த்து அப்படியே அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்வது செய்யுங்கள். பல் நன்றாக இருக்கிறது, பனிக்குத் தாங்கும் என்று சொல்லுங்கள். கம்பளி உடைகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பதின்மூன்று பேருக்கும் முன்னால் நடக்கப் போவது அவள்தான் என்று சொல்லுங்கள். யார் முடிவு செய்தது என்று கேட்டால், என் பெயரைச் சொல்லலாம்.